இரு வாயில், ஒரு கூடம்: டெலோரியன் கார் நிறுவனத்தின் வரலாறு

பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் ஒரு மலரில், பத்தாண்டு வாழக் கொடுத்துவைக்காத ஒரு நிறுவனத்தின் வரலாற்றை எழுதப் புகுவது பொருத்தமன்று எனச் சிலர் கருதலாம். கவிஞர்கள் கூடும் மன்றத்தில் கார்த் தொழிற்சாலைக்கு என்ன வேலை என்னும் வினாவும் எழலாம். வாகையைப் பாடிய நம் மரபே கையறுநிலையையும் ஒரு துறையாக வகுத்துக் கொண்டது. வெற்றிக்குப் பாட்டு உண்டெனில் இழப்புக்கும் பாட்டு உண்டு என்பது நம் முன்னோர் கண்ட நெறி. அந்நெறி நின்றே, தோற்றுப்போன ஒரு தொழிலின் கதையை இம்மன்றத்தார் முன் வைக்க விழைகிறேன்.

டெலோரியன் மோட்டார் கம்பெனி 1975ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் தொடங்கப்பெற்றது. 1982ஆம் ஆண்டு அக்டோபரில் அதன் தொழிற்சாலை மூடப்படும் என அறிவிக்கப்பெற்றது. ஏழே ஆண்டு வாழ்வு. அந்த ஏழிலும் கார்கள் செய்யப்பட்ட காலம் இரண்டாண்டுக்கும் குறைவு. செய்து முடிக்கப்பட்டவை ஏறத்தாழ 9,000 வண்டிகள். அவை அனைத்தும் ஒரே வகையைச் சேர்ந்தவை.

இந்நிறுவனத்தின் கதை பெரும்பாலும் இரு விதமாகச் சொல்லப்படுகிறது. உயரப் பறந்து ஒரே நாளில் வீழ்ந்த ஒரு மனிதரின் கதை என்பது ஒன்று. 1985ஆம் ஆண்டு வெளிவந்த 'பேக் டு தி ஃப்யூச்சர்' என்னும் அமெரிக்கத் திரைப்படத்தில் காலத்தைக் கடந்து ஓடும் வண்டியின் கதை என்பது மற்றொன்று. மூன்றாவதாக ஒரு கதையும் உண்டு. அது அவ்வண்டியைத் தம் கைகளால் செய்த ஏறத்தாழ 2,500 தொழிலாளரின் கதை. அவர்கள் வாழ்ந்த ஊர் டெட்ராய்ட் அன்று. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட். முதலிரண்டு கதைகளையும் இம்மூன்றாவது கதையின் பக்கம் நின்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மனிதர்

ஜான் சாக்கரி டெலோரியன் 1925ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் டெட்ராய்ட் நகரில் பிறந்தார். தந்தை ருமேனியாவிலிருந்து குடிபெயர்ந்து வந்து ஃபோர்டு நிறுவனத்தின் வார்ப்படச் சாலையில் உழைத்தவர். தாயும் ஆலையில் வேலை செய்தவரே. தொழிலாளர் வீட்டில் பிறந்து பொறியியல் கற்ற அவர், 1956இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் பான்டியாக் பிரிவில் சேர்ந்தார். 1964இல் வெளிவந்து இளைஞர்களைக் கவர்ந்த 'ஜி.டி.ஓ.' என்னும் வண்டி அவர் பெயரோடு சேர்த்துப் பேசப்பட்டது. 1965இல், நாற்பது வயதில், பான்டியாக் பிரிவின் தலைவரானார். 1969இல் செவர்லே பிரிவுக்குத் தலைவர். 1972இல் வட அமெரிக்கக் கார், லாரிப் பிரிவுகள் அனைத்துக்கும் பொறுப்பான துணைத் தலைவர். அடுத்து எஞ்சியிருந்தது நிறுவனத்தின் தலைமை இருக்கை ஒன்றே என்று பலரும் கணித்திருந்த வேளையில், 1973இல் அவர் விலகினார்.

உலகின் மிகப் பெரிய கார் நிறுவனத்தை விட்டு வெளியேறித் தம் பெயரில் ஒரு கார் செய்வேன் என்று ஒருவர் சொன்னால், அச்சொல்லுக்கே ஒரு கவர்ச்சி உண்டு. ஆண்டுதோறும் தோற்றத்தை மாற்றி மக்களைப் புதிது வாங்கச் செய்யும் வணிக முறைக்கு மாறாக, நெடுநாள் உழைக்கும் வண்டி, பயணிகளின் உயிரைக் காக்கும் வண்டி, அறம் சார்ந்த வண்டி எனத் தம் கனவை அவர் விளக்கினார். தொடக்கத்தில் அத்திட்டத்துக்கு 'டெலோரியன் பாதுகாப்பு வண்டி' என்றே பெயர்.

வண்டி

முதல் மாதிரியை உருவாக்கும் பொறுப்பைப் பான்டியாக்கில் டெலோரியனோடு பணிபுரிந்த பொறியாளர் பில் காலின்ஸ் ஏற்றார். உருவத்தை வரைந்தவர் இத்தாலியின் புகழ்பெற்ற வடிவமைப்பாளர் ஜார்ஜெட்டோ ஜுஜாரோ. பக்கவாட்டில் திறவாமல், பறவை இறகு விரிப்பதுபோல் மேல்நோக்கி எழும் இரு கதவுகள். வண்ணப் பூச்சே இல்லாத, துருப்பிடிக்காத எஃகு மேனி. நம் அடுக்களைகளில் எவர்சில்வர் என்று வழங்கும் அதே இனத்து உலோகம் அது. 1976இல் முதல் மாதிரி உருவானது.

மேல்நோக்கித் திறக்கும் கதவு புதிதன்று. 1954ஆம் ஆண்டின் மெர்சிடஸ் வண்டி ஒன்றில் அது முன்பே இடம்பெற்றிருந்தது. ஆயினும் கனத்த கதவை எளிதாக உயர்த்துவதற்கு டெலோரியன் வண்டியில் கையாண்ட முறை புதியது. முறுக்கிய எஃகுத் தண்டு ஒன்று விற்சுருள்போல் கதவை மேலே தள்ளும். அத்தண்டைக் கடுங்குளிரில் பதப்படுத்தி முறுக்கித் தந்தது, விண்கலப் பணிகளில் பெயர்பெற்ற கிரம்மன் நிறுவனம்.

எஃகு மேனிக்கு ஓர் இயல்பு உண்டு. வண்ணம் பூசிய வண்டியில் கீறல் விழுந்தால் மறுபடி பூச வேண்டும். இதிலோ அரத்தன்மையுள்ள துணியால் இழை போன திசையிலேயே தேய்த்தால் கீறல் மறையும். ஆனால் தொட்டவர் கைரேகை அதில் அப்படியே பதிந்து நிற்கும். வண்டியைத் துடைத்துக் கொண்டே இருக்க வேண்டும் என்பது அதை வாங்கியவர்களின் பொதுவான குறை. செய்தவர் கையும் தொட்டவர் கையும் தெரியும் வண்டி எனக் கவிஞர் ஒருவர் இதைக் கூறக்கூடும்.

காலின்ஸ் உருவாக்கிய மாதிரியை உற்பத்திக்கு ஏற்ற வண்டியாக மாற்றும் பணி 1978இன் இறுதியில் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. பந்தயக் கார் உலகில் பெரும்பெயர் பெற்ற காலின் சாப்மன் அதன் தலைவர். லோட்டஸ் ஏறத்தாழ முழு வண்டியையும் மாற்றி அமைத்தது. முதுகெலும்பு போன்ற எஃகுச் சட்டம் ஒன்றின் மேல் கண்ணாடி இழை உடலைப் பொருத்தி, அதன் மேல் எஃகுத் தகடுகளை அணிவித்தனர். பியூஜோ, ரெனோ, வோல்வோ ஆகிய மூன்று நிறுவனங்கள் பிரான்சில் கூட்டாகச் செய்த ஆறு உருளை எஞ்சின் வண்டியின் பின்புறம் அமைந்தது. அமெரிக்க விதிகளுக்கு ஏற்பப் புகை குறைக்கப்பட்டபோது அதன் ஆற்றல் 130 குதிரைத் திறனாயிற்று. தோற்றத்தில் பந்தயக் குதிரை; ஓட்டத்தில் அத்தனை விரைவில்லை. காற்றடைத்த பாதுகாப்புப் பை முதலிய தொடக்கக் கால வாக்குறுதிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. பாதுகாப்பு வண்டி என்னும் பெயரும் மறைந்தது.

மண்

கனவுக்கு ஒரு மண் வேண்டும். மண்ணோடு பணமும் வேண்டும். பிறரின் பணத்தில் தொழிற்சாலை கட்டுவது என்பதே டெலோரியனின் தொடக்கக் கணக்கு. வேலையின்மையால் வாடும் நாடுகள் தொழில்களை ஈர்க்க மானியம் வழங்கிய காலம் அது. போர்ட்டோ ரிக்கோவுடன் பேச்சு நெடுந்தூரம் சென்றது. அயர்லாந்துக் குடியரசின் தொழில் வளர்ச்சி நிறுவனம் திட்டத்தை ஆராய்ந்து மறுத்துவிட்டது. அடுத்து 1978இன் கோடையில் பிரித்தானிய ஆட்சிக்குட்பட்ட வட அயர்லாந்து முன்வந்தது. பேச்சு தொடங்கிய சில வாரங்களிலேயே உடன்பாடு முடிந்தது.

இந்த விரைவைப் புரிந்துகொள்ள, பெல்ஃபாஸ்ட் நகரின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்த்தல் வேண்டும். லினன் துணியாலும் கப்பல் கட்டும் தொழிலாலும் செழித்த நகரம் அது. 1912இல் மூழ்கிய டைட்டானிக் கப்பல் அங்குள்ள ஹார்லண்டு அண்டு உல்ஃப் துறையில் கட்டப்பட்டது. 1888இல் ஜான் பாய்டு டன்லப் காற்றடைத்த சக்கரத்தை உருவாக்கியதும் அந்நகரில்தான். எனினும் அங்கே தொழில் என்பது வெறும் தொழிலாக இருந்ததில்லை. எந்த ஆலையில் யாருக்கு வேலை என்பதைச் சமயமும் தீர்மானித்தது. கப்பல் துறையின் வேலைகள் பெரிதும் புராட்டஸ்டண்டுப் பிரிவினர் வசம் இருந்தன. 1920 சூலையில் ஆயிரக்கணக்கான கத்தோலிக்கத் தொழிலாளர்களும், அவர்களுக்குத் துணைநின்ற புராட்டஸ்டண்டுத் தொழிலாளர் சிலரும் கப்பல் துறைகளிலிருந்து துரத்தப்பட்டனர். அந்த நினைவு தலைமுறைகள் தாண்டியும் ஆறவில்லை.

1969இலிருந்து நகரம் மீண்டும் பற்றி எரிந்தது. துப்பாக்கிச் சூடும் வெடிகுண்டும் அன்றாடச் செய்திகளாயின. வேலையில் சமயப் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்யும் சட்டம் 1976இல் வந்தது. ஆனால் சட்டம் வேலையைப் பங்கிடத்தான் சொல்லும்; வேலையைப் படைக்காது. பழைய ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மேற்கு பெல்ஃபாஸ்டின் கத்தோலிக்கக் குடியிருப்புகளில் வேலையில்லாமல் வளர்ந்து, வேலையில்லாமலே மணமுடித்து, வேலையில்லாமலே நரைக்கும் ஆண்கள் பலர் இருந்தனர். வன்முறைக்கு வேலையின்மையே எரிபொருள் என்று லண்டன் அரசு கருதியது.

அந்நிலையில்தான் ஓர் அமெரிக்கர் வந்து, உலகமே திரும்பிப் பார்க்கும் ஒரு காரை மேற்கு பெல்ஃபாஸ்டின் ஓரத்தில் செய்வேன் என்றார். வட அயர்லாந்து அமைச்சராக இருந்த ராய் மேசன் அதை வரவேற்றார். தொடக்க உதவி மட்டும் 5 கோடிப் பவுண்டுக்கு மேல். அயர்லாந்துக் குடியரசின் அதிகாரிகள் கண்ட ஐயங்களை லண்டன் கண்டிருக்க முடியாது என்று சொல்வதற்கில்லை. ஐயப்படுவதற்கு அவகாசம் இல்லை என்று அது கருதியது. 'இல்லை' என்று சொல்ல முடியாத நிலையில் ஓர் அரசு இருக்கிறது என்பதை எதிரே அமர்ந்தவர் அறிந்திருந்தார். உடன்பாட்டின் உண்மையான ஈட்டுப்பொருள் நிலமோ இயந்திரமோ அன்று. வேலைக்குக் காத்திருந்த ஊராரின் நம்பிக்கையே ஆகும்.

வாயில்கள்

1978 அக்டோபர் 2ஆம் நாள் டன்மரி என்னுமிடத்தில் கால்கோள் விழா நடந்தது. 72 ஏக்கர் பரப்புள்ள அந்நிலம் மாடு மேய்ந்த சதுப்பு வெளி. நிலத்தின் ஒருபுறம் டுவின்புரூக். அது கத்தோலிக்கர் குடியிருப்பு. மறுபுறம் சீமோர் ஹில். அது புராட்டஸ்டண்டுகள் குடியிருப்பு. இடையில் கிடந்த வெற்று நிலத்தில் தொழிற்சாலை எழுந்தது. அதற்கு இரு வாயில்கள் அமைந்தன. ஒன்று டுவின்புரூக்கை நோக்கியது. மற்றொன்று சீமோர் ஹில்லை நோக்கியது.

அவ்விரு வாயில்களைப் பற்றி இரு கருத்துகள் உள்ளன. பகைமை எவ்வளவு ஆழமானதெனின் தொழிற்சாலைக்குள் நுழையவும் தனித்தனி வழி வேண்டியிருந்தது என்பர் ஒருசாரார். அவரவர் வீட்டுக்கு எது அருகோ அதன் வழியே அவரவர் வந்தனர். அதற்கு மேல் பொருள் தேட வேண்டியதில்லை என்பர் மறுசாரார். இரண்டிலும் உண்மை உண்டு என்றே தோன்றுகிறது. வீடுகள் பிரிந்து கிடக்கும் ஊரில், பக்கத்து வழி என்பதும் பிரிந்த வழியாகவே அமையும். ஆனால் இவ்விவாதத்தில் பலரும் கவனியாத ஒன்று உண்டு. வாயில்கள் இரண்டாயினும் அவை திறந்தது ஒரே கூடத்துக்குள். உள்ளே உற்பத்தி வரிசை ஒன்றுதான். உணவுக் கூடமும் ஒன்றுதான். 1920ஆம் ஆண்டின் நினைவைச் சுமந்த நகரில் அது சிறிய செய்தியன்று.

வேலைக்கு வந்தோரில் மிகப் பலர் கார் செய்து பழகியவர் அல்லர். அவர்களுள் பலருக்கு அதுவே வாழ்வின் முதல் வேலை. கட்டடம் எழும்போதே பயிற்சியும் நடந்தது. இரண்டாண்டுகள்கூட முடியாத காலத்தில் சதுப்பு நிலத்தில் அச்சுக்கூடமும் உடல்வார்ப்புக் கூடமும் பூட்டுக் கூடமும் சோதனை ஓட்டப் பாதையும் அமைந்தன. 1981 சனவரியில் முதல் உற்பத்தி வண்டிகள் வெளிவந்தன. நீண்டநாள் தொழில் நடத்திய நிறுவனங்களே புதிய வண்டி ஒன்றுக்கு நான்கைந்து ஆண்டுகள் எடுத்துக்கொண்ட காலம் அது. புதிய நிலம், புதிய ஆலை, புதிய தொழிலாளர், புதிய வண்டி என நான்கும் ஒருங்கே புதியனவாக இருந்தும் வண்டி வந்தது என்பதை மறுத்தல் இயலாது.

வந்த வண்டிகளில் குறைகள் இருந்தன என்பதையும் மறைத்தல் கூடாது. கதவுகள் சரியாகப் பொருந்தவில்லை, மழைநீர் கசிந்தது, மின்னிணைப்புகள் பழுதாயின. அமெரிக்காவில் இறங்கிய வண்டிகளைத் தனி நிலையங்களில் பிரித்துச் சீராக்கிய பின்னரே விற்பனைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. இக்குறைகளுக்குத் தொழிலாளரின் பழக்கமின்மை ஒரு காரணம். வடிவமைப்பை முடிக்கும் முன்னரே உற்பத்திக்கு நாள் குறித்த அவசரம் அதனினும் பெரிய காரணம். மாதங்கள் செல்லச்செல்ல வண்டியின் தரம் உயர்ந்தது. கைகள் தொழிலைக் கற்றுக்கொண்டிருந்தன.

அந்த ஆண்டே நகரத்தின் பெருஞ்சோதனையும் வந்தது. சிறையில் உண்ணாநோன்பிருந்த ஐ.ஆர்.ஏ. இயக்கத்தவரான பாபி சாண்ட்ஸ் 1981 மே 5ஆம் நாள் உயிர்துறந்தார். அவருடைய குடும்பம் வாழ்ந்தது தொழிற்சாலையின் வேலிக்கு அப்பாலுள்ள டுவின்புரூக்கில். அவ்வாண்டு அந்நோன்பில் இறந்தோர் பத்துப் பேர். கலவரத்தின்போது தொழிற்சாலை வளாகத்தில் பெட்ரோல் குண்டுகள் விழுந்தன. தற்காலிக அலுவலகக் கட்டடம் ஒன்று ஆவணங்களோடு எரிந்தது. வெளியே தெருக்கள் இரண்டுபட்டுக் கிடந்த அந்நாள்களிலும் உள்ளே உற்பத்தி வரிசை தொடர்ந்து ஓடியது. அதனால் பகைமை தீர்ந்தது என்று சொல்வது மிகையாகும். மாலையில் அவரவர் தத்தம் வாயில் வழியே தத்தம் தெருவுக்கே திரும்பினர். ஆயினும் பகல் முழுவதும் ஒரே வண்டியின் மேல் இரு தெருவினரின் கைகளும் பட்டன.

கணக்கு

தொழிலாளர் வண்டியைப் பூட்டிக்கொண்டிருந்தபோது, நிறுவனத்தின் கணக்கு வேறொரு வழியில் போய்க்கொண்டிருந்தது. லோட்டஸ் செய்யும் வடிவமைப்புப் பணிக்கான தொகை நேராக லோட்டஸிடம் போகவில்லை. பனாமாவில் பதிவு செய்யப்பட்டு ஜெனீவாவிலிருந்து இயங்கிய 'ஜி.பி.டி.' என்னும் பெயர் மட்டுமே உள்ள நிறுவனம் ஒன்றிடம் ஏறத்தாழ 1 கோடியே 76 லட்சம் டாலர் செலுத்தப்பட்டது. அப்பணம் வடிவமைப்புக்குச் செலவாகவில்லை. வடிவமைப்புக்கு வேறாகவே பணம் கொடுக்கப்பட்டது. பெல்ஃபாஸ்டின் ஏழைத் தெருக்களுக்கு வேலை தருவதற்கென மக்கள் வரிப்பணத்திலிருந்து ஒதுக்கிய தொகையின் ஒரு பகுதி இவ்வாறு கரைந்தது.

1979இல் மார்கரெட் தாட்சர் தலைமையில் அமைந்த அரசு இத்தகைய மானியங்களில் நம்பிக்கையற்றது. எனினும் போட்ட பணத்தைக் காக்க மேலும் பணம் போடும் நிலை அதற்கும் நேர்ந்தது. 1980இல் மேலும் 1 கோடியே 40 லட்சம் பவுண்டு கடன் கொடுத்தது. எல்லாம் கூட்டிப் பார்க்கின் பொதுப்பணத்தில் ஏறத்தாழ 7 கோடியே 70 லட்சம் பவுண்டு இத்திட்டத்தில் போயிற்று. இது அண்மைக் காலத்தில் பொதுப்பணம் முறைகேடாகப் பயன்பட்ட மிகக் கடுமையான நிகழ்வுகளுள் ஒன்று எனப் பிரித்தானிய நாடாளுமன்றத்தின் பொதுக்கணக்குக் குழு 1984இல் கண்டித்தது.

வீழ்ச்சி

வண்டியின் விலை 25,000 டாலர். அன்று அமெரிக்காவின் புகழ்பெற்ற கார்வெட் வண்டியைவிட அது பல ஆயிரம் டாலர் அதிகம். கார்வெட்டோ அதைவிட விரைவாக ஓடக்கூடியது. முதல் சில மாதங்களில் புதுமை நாடியோர் விலைக்கு மேல் விலை கொடுத்தும் வாங்கினர். அதைக் கண்டு 1981இன் இலையுதிர் காலத்தில் உற்பத்தியை இரட்டிப்பாக்குமாறு டெலோரியன் ஆணையிட்டார்; புதிதாகப் பலர் வேலைக்குச் சேர்க்கப்பட்டனர். பெல்ஃபாஸ்டிலிருந்த மேலாளர்களின் ஐயம் பொருட்படுத்தப்படவில்லை. அமெரிக்காவில் அப்போது பொருளாதாரத் தேக்கம். வட்டி விகிதம் உச்சத்தில். கார் விற்பனை பல்லாண்டு காணாத சரிவில். அதன் மேல் கடுங்குளிர் காலமும் வந்து சேர்ந்தது. விற்காத எஃகு வண்டிகள் துறைமுகங்களிலும் கிடங்குகளிலும் வரிசையாக நின்றன.

1982 சனவரி இறுதியில் ஏறத்தாழ 1,100 பேர் வேலையிழந்தனர். அவர்களுட் பலர் சில மாதங்களுக்கு முன்புதான் சேர்ந்தவர்கள். மேலும் பணம் தர அமைச்சர் ஜேம்ஸ் பிரயர் மறுத்தார். பிப்ரவரி 19ஆம் நாள் ஆலை, கடன்கொடுத்தோர் நலன் காக்க அமர்த்தப்படும் பொறுப்பாளர் கைக்கு மாறியது. அப்பொறுப்பை ஏற்ற சர் கென்னத் கார்க், வாங்குவார் எவரேனும் உளரோ எனத் தேடினார். வசந்தத்தின் இறுதியில் உற்பத்தி நின்றது.

தம் பெயரை மீட்கப் பணம் தேடி அலைந்த டெலோரியன், 1982 அக்டோபர் 19ஆம் நாள் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தருகே ஒரு விடுதியில், கொக்கெயின் கடத்தல் குற்றச்சாட்டின் பேரில் கைதானார். டன்மரித் தொழிற்சாலை மூடப்படும் என்னும் அறிவிப்பு வந்ததும் அதே நாளில்தான். மறுநாள் உலகெங்கும் பேசப்பட்டது அம்மனிதரின் கைதே. தம் வேலை நிரந்தரமாகப் போயிற்று என்னும் செய்தியை டுவின்புரூக்கும் சீமோர் ஹில்லும் அந்த ஆரவாரத்துக்கிடையே கேட்டுக்கொண்டன. எஞ்சிய உதிரிகளைக் கொண்டு ஆண்டிறுதி வரை சில வண்டிகள் பூட்டப்பட்டன. அத்துடன் கூடம் அடங்கியது.

தீர்ப்புகள்

நடுவண் புலனாய்வுத் துறையினரே விரித்த வலை அது என்னும் வாதம் எடுபட்டு, 1984 ஆகஸ்டு 16ஆம் நாள் டெலோரியன் விடுதலையானார். முதலீட்டாளர் பணத்தைக் கையாடியதாக டெட்ராய்டில் தொடரப்பட்ட வழக்கிலும் 1986இல் விடுதலை பெற்றார். காலின் சாப்மன் 1982 டிசம்பர் 16ஆம் நாளே மாரடைப்பால் மறைந்துவிட்டார். லோட்டஸின் நிதிப் பொறுப்பாளராக இருந்த பிரெட் புஷல் 1992இல் பெல்ஃபாஸ்ட் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். சாப்மன் உயிரோடு இருந்திருப்பின் பத்தாண்டுக்குக் குறையாத தண்டனை பெற்றிருப்பார் என்று நீதிபதி குறிப்பிட்டார். டெலோரியன் 2005 மார்ச்சு 19ஆம் நாள் தம் எண்பதாம் வயதில் காலமானார்.

சட்டத்தின் முன் நிறுவப்படாத ஒன்றை வரலாறு எழுதுவோர் குற்றமெனச் சாற்றுதல் முறையன்று. எனினும் சட்டம் கேட்கும் கேள்விகள் வேறு. வரலாறு கேட்கும் கேள்விகள் வேறு. கனவு கண்டவர் தம் பணத்தில் எவ்வளவு வைத்தார்? மிகச் சிறிதே. அரசு எவ்வளவு வைத்தது? கோடிக்கணக்கில்; ஆனால் அரசு அதைத் தாங்கிக்கொண்டது. தாங்க முடியாதவற்றை வைத்தவர்கள் டன்மரித் தொழிலாளர்கள். அவர்கள் தம் நம்பிக்கையை வைத்தனர். அதை ஈடாகக் காட்டிக் கடன் பெற்றவர் ஒருவர். ஈடு முழுகியபோது இழந்தவர் வேறொருவர்.

எஞ்சியவை

எஃகுத் தகடுகளை வடித்த பேரச்சுகள் பழைய இரும்பாக விற்கப்பட்டன. அவற்றுட் சில அயர்லாந்தின் மேற்குக் கரையில், கால்வே பகுதிக் கடலில், மீன் பண்ணையின் வலைக்கூண்டுகளைக் கட்டி நிறுத்தும் நங்கூரப் பாரங்களாயின. மேகத்தில் பறக்கும் கதவுகளை வார்த்த அச்சு கடலடியில் கிடக்கிறது என்பது கற்பனையன்று; உண்மைச் செய்தி.

1985இல் திரைப்படம் வந்தபோது, தம் வண்டியைக் காலப்பொறியாக ஆக்கியமைக்கு நன்றி தெரிவித்துப் படத்தின் கதையாசிரியருக்கு டெலோரியன் கடிதம் எழுதினார். விற்காமல் தேங்கிய வண்டி அப்படத்தால் உலகம் அறிந்த வண்டியாயிற்று. செய்யப்பட்டவற்றுட் பெரும்பகுதி பல்லாண்டு கழித்தும் ஓடிக்கொண்டிருந்தது. நெடுநாள் உழைக்கும் வண்டி என்னும் பழைய வாக்குறுதியை நிறைவேற்றியவர் அதைச் சொன்னவர் அல்லர்; முதன்முறையாகத் திருப்புளி பிடித்த கைகளே அதை நிறைவேற்றின.

டன்மரி வளாகத்தில் 1989இல் பிரான்சைச் சேர்ந்த மாண்டுப்பே நிறுவனம் கார் எஞ்சின்களுக்கான அலுமினிய வார்ப்பட ஆலையைத் தொடங்கியது. 2016இல் அது கனடாவின் லினமார் நிறுவனத்தின் கைக்கு மாறியது. கவர்ச்சியற்ற, படங்களில் தோன்றாத அந்த ஆலை, டெலோரியன் ஆலையைவிடப் பன்மடங்கு காலம் நீடித்தது. வட அயர்லாந்தில் அமைதி உடன்பாடு 1998 ஏப்ரல் 10ஆம் நாள் கையெழுத்தாயிற்று. அதற்குள் ஏறத்தாழ 3,500 உயிர்கள் போயிருந்தன. அமைதியைக் கொண்டுவந்தது கார் அன்று. நெடுங்காலப் பேச்சும் பொறுமையும் விட்டுக்கொடுத்தலுமே. தொழிற்சாலை ஒன்றைக் கட்டிப் பகைமையைத் தீர்த்துவிடலாம் என்னும் எண்ணம் எளியது. ஆகவே ஏமாறுவதற்கும் எளியது.

அப்படியாயின் டன்மரியின் அந்த இருபது மாதங்கள் வீணா? வீண் என்று எழுதிவிட மனம் ஒப்பவில்லை. நிறுவனம் தோற்றதற்கான காரணங்களை வரிசைப்படுத்தின் விலை, தேக்கம், அவசரம், பேராசை, முறைகேடு எனப் பல வரும். அவ்வரிசையில் ஒருபோதும் வராத காரணம் ஒன்று உண்டு. இரு சமயத்தாரும் சேர்ந்து உழைக்க முடியாமற்போனதால் ஆலை மூடப்பட்டது என்று எவரும் எழுதவில்லை; எழுதவும் இயலாது. முடியாது என்று அந்நகரம் அரை நூற்றாண்டுக்கு மேலாக நம்பியிருந்த ஒன்று, முடிந்தது. அதனால் அன்று, பிறவற்றால் முறிந்தது. தோல்வியின் கணக்கேட்டில் இவ்வரவையும் பதிதல் வேண்டும்.

இம்மலரைப் படிக்கும் அன்பர்கள் அந்தத் திரைப்படத்தை மீண்டும் காண நேர்ந்தால், எஃகுக் கதவு மெல்ல மேலெழும் அக்கணத்தில், அதைப் பொருத்திய கைகளை ஒருமுறை எண்ணிப்பார்க்க வேண்டுகிறேன். அக்கைகளுக்குரியோர் காலையில் இரு வாயில்கள் வழியே வந்தவர்கள்.